பாறை மீனின் பக்கக்கோடும் மார்பகப் புற்றுநோயும்: செல்களுக்கு வழி சொல்லும் புரதங்கள்

"கருவில் மூளையைக் கட்டும் புரதமே புற்றுநோயையும் பரப்புகிறது" என்ற ரகத்தில் அவ்வப்போது ஒரு செய்தி வரும். அது வாட்ஸ்அப்பில் இறங்கித் தொண்டி, தேவிபட்டினம், மண்டபம் என்று கரையோரமாகவே சுற்றிவிட்டு, கீழக்கரையில் ஏதோ ஒரு வீட்டுத் திண்ணையில் இப்படி வந்து முடியும்: "மதினி, புரதந்தான் கட்டியப் பரப்புதாம். இனி மீனு, முட்ட ஒண்ணும் குடுக்காதீக." மார்பக அறுவை முடிந்து கீமோவுக்கு நடுவே எடை குறைந்துகொண்டிருக்கும் ஒரு பெண்ணுக்காகச் சொல்லப்படும் அறிவுரை இது. செய்தியில் இருந்த உண்மை வழியிலேயே உதிர்ந்துவிட்டது, கெடுதல் மட்டும் வீடு வந்து சேர்ந்திருக்கிறது.

செய்தி பொய்யில்லை. கருவில் மூளைச் செல்கள் இடம் தேடிப் போகவும், புற்றுநோய்ச் செல்கள் உடலுக்குள் ஊர் விட்டு ஊர் போகவும் பல இடங்களில் ஒரே புரதங்களே பயன்படுகின்றன. இதன் பொருள் என்ன, எது பொருள் இல்லை என்பதை அடியிலிருந்து பார்க்கலாம்.

எந்தப் புரதத்தைப் பற்றிப் பேசுகிறோம்?

தட்டில் இருக்கும் மீன், முட்டை, பருப்பு ஆகியவற்றின் புரதம் குடலில் அமினோ அமிலங்களாக உடைந்துதான் ரத்தத்தில் சேரும். சாளையின் தசைப் புரதம் சாளைப் புரதமாகவே நம் உடம்பில் உலவுவதில்லை. உடைந்து வந்த அந்த 20 வகை அமினோ அமிலங்களைச் செங்கல்லாக வைத்து, தனக்கு வேண்டிய புரதங்களை ஒவ்வொரு செல்லும் தானே கட்டிக்கொள்கிறது. எதைக் கட்டுவது, எப்போது கட்டுவது என்ற குறிப்பு மரபணுவில் இருக்கிறது. புரதம் செய்யும் மரபணுக்கள் மனிதரிடம் ஏறத்தாழ 20,000 உண்டு.

செய்தியில் வரும் புரதங்கள் இப்படிச் செல் தானே செய்துகொள்பவை. மீன் தின்பதால் அவை கூடவும் மாட்டா, நிறுத்துவதால் குறையவும் மாட்டா. புரதம் என்று ஒரே சொல்லை இரண்டு இடத்திலும் புழங்குவதால் வந்த குழப்பம் இது. கீமோ நடக்கும்போது புரதத்தைக் குறைத்தால் கட்டி பட்டினி கிடக்காது, நோயாளியின் தசைதான் கரையும். புண் ஆறுவது தள்ளிப்போகும், அடுத்த கீமோவைத் தாங்கும் தெம்பும் குறையும். சிறுநீரகக் கோளாறு போன்ற வேறு காரணத்துக்காக மருத்துவரே குறைக்கச் சொல்லியிருந்தால் அது தனிக் கணக்கு.

செல் எப்படி நகர்கிறது?

செல்லுக்குக் காலும் இல்லை, துடுப்பும் இல்லை. காற்றும் இல்லாமல் எஞ்சினும் நின்றுபோனால் படகை நகர்த்தப் பழைய ஆட்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள்: நங்கூரத்தை முன்னால் கொண்டுபோய்ப் போட்டு, கயிற்றை இழுத்துப் படகை அதனிடம் கொண்டுபோவது. செல் நகர்வதும் ஏறக்குறைய அப்படித்தான்.

1. செல்லின் முன்பக்கம் ஆக்டின் என்ற இழைப்புரதம் நீண்டு வளர்ந்து சவ்வை முன்னே தள்ளும்.
2. தள்ளிய இடத்தில் இன்டெக்ரின் என்ற புரதம் தரையைக் கவ்விப் பிடிக்கும். இதுதான் நங்கூரம்.
3. உள்ளே இருக்கும் இழைகள் சுருங்கிச் செல்லின் உடலை முன்னோக்கி இழுக்கும்.
4. பின்பக்கத்துப் பிடி விடுபடும். மறுபடி முதலிலிருந்து.

வேகம் மணிக்குச் சில பத்து மைக்ரோமீட்டர். ஒரு மணி நேரத்தில் தலைமுடியின் தடிமனைத் தாண்டினாலே பெரிய விஷயம்.

இது நகரும் பொறி. எந்தத் திசையில் என்று சொல்வது வேறு: வெளியிலிருந்து வரும் வழிகாட்டிப் புரதமும், அதைக் கேட்க ஒவ்வொரு செல்லும் தன் மேல்தோலில் வைத்திருக்கும் ஏற்பி என்ற இன்னொரு புரதமும். வழிகாட்டி எவ்வளவு கூவினாலும் ஏற்பி இல்லாத செல்லுக்கு அது காதில் விழாது. ஒரே வழிகாட்டியைக் கேட்டு, ஏற்பியின் வகையைப் பொறுத்து, ஒரு செல் நெருங்கி வரும், இன்னொன்று விலகி ஓடும். இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்தால் கீழே வரும் எல்லாமே எளிதாகிவிடும்.

பாறை மீனின் பக்கக்கோடு

பாம்பனிலோ மண்டபத்திலோ ஒரு பாறை மீனை வாங்கிக் கையில் எடுத்துப் பாருங்கள். செவுளுக்குப் பின்னால் தொடங்கி, முதலில் வளைந்து, பிறகு நேராகி, வால்வரை ஒரு கோடு ஓடும். வாலை நெருங்க நெருங்கக் கோட்டின் மேல் செதில்கள் கெட்டியாகி ரம்பம்போல் நிற்கும். மீன் வெட்டும் அம்மா கத்தியை முதலில் அங்கேதான் வைத்துச் சீவி எடுப்பார். அந்தக் கோடு அழகுக்காக இருப்பதல்ல. அதில் வரிசையாக உணர்வு மொட்டுகள் உண்டு. தண்ணீரின் அசைவை அவை அறியும். கூட்டமாகப் போகும் மீன்கள் ஒன்றை ஒன்று முட்டாமல் திரும்புவதில் அந்தக் கோட்டுக்குப் பங்கு உண்டு.

மொட்டுகள் வால்வரை எப்படி வந்தன? இதை ஆராய்ச்சியாளர்கள் பார்த்தது பாறையில் இல்லை, வரிக்குதிரை மீன் என்ற விரல் நீளம்கூட இல்லாத ஆற்று மீனில். வட இந்திய, வங்கதேச ஓடைகளில் வாழும் இந்த மீனின் கரு கண்ணாடிபோல் தெளிந்தது. உள்ளே நடப்பதை நுண்ணோக்கியில் உயிரோடு பார்க்கலாம். காதுக்குப் பின்னால் நூறு செல்கள் சேர்ந்த ஒரு கூட்டம் கிளம்புகிறது. ஏறக்குறைய ஒரு நாளில் உடலின் முழு நீளத்தையும் கடந்து வாலுக்குப் போகிறது. போகிற வழியில் ஆங்காங்கே ஒரு கொத்து செல்களை இறக்கிவிட்டுப் போகிறது, ஊர் ஊராகப் பயணிகளை இறக்கிப் போகும் பேருந்துபோல. இறங்கியவை உணர்வு மொட்டுகளாகின்றன.

அதற்கு வழி சொல்வது சிஎக்ஸ்சிஎல்12 என்ற புரதம். கருவின் பக்கவாட்டில் ஒரு கோடு போட்டதுபோல் அது சுரந்திருக்கும். நகரும் கூட்டத்திடம் அதைக் கேட்கும் ஏற்பி, சிஎக்ஸ்சிஆர்4. கோட்டை அழித்துவிட்டால் கூட்டம் வழி தெரியாமல் நின்றுபோகும்.

இதில் ஒரு புதிர் இருந்தது. கோடு நெடுகப் புரதம் ஒரே அளவில் இருந்தால் எந்தப் பக்கம் முன், எந்தப் பக்கம் பின் என்று கூட்டத்துக்கு எப்படித் தெரியும்? 2013-இல் விடை வந்தது. கூட்டத்தின் வால்பகுதிச் செல்கள் சிஎக்ஸ்சிஆர்7 என்ற வேறொரு ஏற்பியால் அந்தப் புரதத்தை உறிஞ்சி விழுங்கிவிடுகின்றன. பின்னால் குறைச்சல், முன்னால் கூடுதல் என்ற ஏற்றத்தாழ்வு அதனால் உண்டாகிறது. தனக்கு வேண்டிய திசையைக் கூட்டம் தானே உண்டாக்கிக்கொள்கிறது. ஆய்வுலகில் நான் படித்ததில் மனத்தைவிட்டுப் போகாத விடைகளில் இது ஒன்று.

இந்த இரண்டு பெயர்களையும், சிஎக்ஸ்சிஎல்12, சிஎக்ஸ்சிஆர்4, நினைவில் வையுங்கள். மார்பகப் புற்றுநோயில் மறுபடி வரும்.

மூளையில் வழிகாட்டிகள்

மூளையில் இரண்டு வகை நகர்வு நடக்கிறது. முழுச் செல்லும் இடம் பெயர்வது ஒன்று. செல் ஒரே இடத்தில் நின்று, தன் நீண்ட நரம்பிழையை மட்டும் தொலைவுக்கு அனுப்புவது இன்னொன்று. நரம்பிழையின் முனையில் விரல் விரித்த கைபோல் ஒரு வளர்முனை இருக்கும். அதை 1890-இல் முதலில் விவரித்தவர் ஸ்பெயின் நாட்டு மருத்துவர் சந்தியாகோ ரமோன் இ கஹால். வளர்முனை ஏதோ ரசாயன வாசம் பிடித்துப் போகிறது என்று அப்போதே அவர் ஊகித்தார். அந்த வாசத்தைக் கையில் பிடிக்க நூறு ஆண்டு ஆயிற்று.

*நெட்ரின்.* அமெரிக்காவில் மார்க் டெசியே-லவீன் குழு 1994-இல் இதைப் பிரித்தெடுத்தது. அதற்கு 25,000 கோழிக்கருக்களின் மூளை தேவைப்பட்டது. வழிநடத்துபவர் என்று பொருள்படும் சமஸ்கிருத வேரிலிருந்து பெயர் வைத்தார்கள். 'நேதாஜி'யில் இருப்பதும் அதே வேர்தான். நேதாஜி படம் மாட்டிய வீடுகளுக்குக் குறைவில்லாத இந்த ராமநாதபுரம் மாவட்டத்தில் நெட்ரின் என்ற பெயர் மறக்காது. முதுகுத்தண்டின் நடுக்கோட்டில் சுரந்து, நரம்பிழைகளை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு இழுப்பது இதன் முக்கிய வேலை. நம் வலக்கையை இட மூளை ஆட்டுவதற்கு இப்படி இழைகள் கடந்து போயாக வேண்டும்.

*ஸ்லிட், ரோபோ.* கடந்துபோன இழை திரும்பி வரக் கூடாது. அதைத் தடுப்பது ஸ்லிட் என்ற விரட்டும் புரதமும், அதன் ஏற்பியான ரோபோவும். பழ ஈயில் ரோபோ பழுதானால் இழைகள் நடுக்கோட்டைக் கடந்தும், திரும்பியும், மறுபடி கடந்தும் ரவுண்டானாவில் மாட்டிய வண்டிபோல் சுற்றும். ரவுண்டானாவுக்கான ஆங்கிலச் சொல்லிலிருந்து சுருங்கி வந்ததே 'ரோபோ'. இயந்திர மனிதனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கோட்டை எட்டும்வரை இழை ரோபோவை உள்ளே பதுக்கி வைத்திருக்கும். அதனால் விரட்டல் காதில் விழாது. தாண்டிய பிறகே ஏற்பி மேலே வரும். கடலில் கண்ணுக்குத் தெரியாத கோட்டைப் பற்றி ராமேசுவரத்துக்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் போகும்போது ஒரு சட்டம், போன பின் ஒரு சட்டம் என்று செல் வைத்திருக்கும் ஏற்பாடு நம் கடலில் கிடையாது.

*செமாஃபோரின்.* ரயில் கைகாட்டியின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்தது. பழைய பாம்பன் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலுக்குச் சிவப்பு விழுந்துகொண்டிருந்ததே, அந்த வேலை. இது பட்டால் வளர்முனை விரித்த விரலை மடக்கிச் சுருண்டுவிடும். இதே குடும்பத்தில் சிலது பச்சையும் காட்டும்.

*எஃப்ரின்.* அக்கம்பக்கத்துச் செல்கள் தொட்டுக்கொள்ளும்போது மட்டும் வேலை செய்யும். எல்லை பிரிப்பதும், கண்ணிலிருந்து வரும் நரம்புகள் மூளையில் முறைப்படி போய்ச் சேர்வதும் இதனால்.

*ரீலின்.* இது சற்று வேறு. பெருமூளைப் புறணி என்ற வெளிப்பட்டையில் ஆறு அடுக்கு. செல்கள் பிறப்பது ஆழத்தில், குடியேறுவது மேலே. முத்துக்குளிப்பவர் கயிற்றைப் பிடித்து மேலேறுவதுபோல், ஆழத்திலிருந்து மேற்பரப்புவரை நீண்டிருக்கும் ஆதார இழைகளைப் பற்றி ஏறுகின்றன. 1970-களின் தொடக்கத்தில் பாஸ்கோ ராக்கிச் இதைக் குரங்குக் கருக்களில் காட்டினார். முதலில் வந்தவை கீழ்த்தளத்தில் தங்க, பிந்தி வந்தவை அவற்றைத் தாண்டி மேல்தளத்துக்குப் போக வேண்டும். இந்த ஒழுங்குக்கு மேலடுக்கில் சுரக்கும் ரீலின் வேண்டும். அது இல்லாத சுண்டெலி தள்ளாடித் தள்ளாடி நடக்கும். 1951-இலேயே அப்படியொரு எலியை விவரித்துவிட்டார்கள். காரணமான மரபணு பிடிபட்டது 1995-இல். அந்த எலியின் புறணியில் அடுக்குகள் ஏறக்குறைய தலைகீழ்.

வழி தவறினால்

மனிதக் கருவில் இந்தக் குடியேற்றத்தின் பெரும்பகுதி மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதத்துக்குள் நடந்து முடிகிறது. அப்போது தவறியது பிறகு தானாகச் சரியாகாது.

1. *மழமழப்பான மூளை.* புறணியில் இருக்க வேண்டிய மடிப்புகள் இல்லாமல் போகும். லிஸ்1 (1993-இல் கண்டது), டபுள்கார்ட்டின் (1998-இல் கண்டது) மரபணுக்களில் பழுது இருப்பது முக்கியக் காரணம். இரண்டும் செல்லுக்குள் இருக்கும் பொறியைச் சேர்ந்தவை. டபுள்கார்ட்டின் எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆண் குழந்தைக்குப் பாதிப்பு கடுமை. பெண்ணுக்குச் செல்களில் ஒரு பகுதி சரியாக ஏறிவிட, மற்றவை பாதி வழியில் நின்று இன்னொரு பட்டையாகத் தங்கிவிடும். அந்தப் பெண் நன்றாகப் படித்துக்கொண்டே வலிப்பால் அவதிப்படலாம். வலிப்பு என்றதும் மந்திரிக்கத் தூக்கிப்போவதற்கு முன் ஒரு எம்ஆர்ஐ எடுத்தால் அந்த இரண்டாவது பட்டை படத்தில் தெரியும்.

2. *ரீலின் பழுது.* அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் நோய். 2000-இல் இது மனிதரில் கண்டறியப்பட்டதும் நெருங்கிய உறவில் மணம் நடந்த குடும்பங்களில்தான். மாமன் மகள், அத்தை மகன் சம்பந்தம் வழக்கமாக இருக்கும் நம் பக்கத்தில், ஒரு குழந்தைக்கு இப்படி வந்திருந்தால் அடுத்ததற்கு முன் மரபணு ஆலோசனை பெறுவது அவசியம்.

3. *கண்ணாடிக் கை.* பையன் வலக்கையால் எழுதுகிறான். மேசைமேல் சும்மா கிடக்கும் இடக்கை விரல்களும் அதே எழுத்தைக் காற்றில் எழுதுகின்றன. அடக்கச் சொன்னாலும் அடங்காது. நெட்ரினைக் கேட்கும் டிசிசி என்ற ஏற்பியில் பழுது இருப்பது இதற்கு ஒரு காரணம் என்று 2010-இல் தெரிந்தது. நடுக்கோட்டைக் கடக்க வேண்டிய இழைகள் சரியாகக் கடக்கவில்லை. வாத்தியார் இதைக் குறும்பு என்று நினைத்து அடித்தால் பயனில்லை.

4. *கால்மான் நோய்க்குறி.* பருவமடைதலைத் தொடங்கிவைக்கும் மூளைச் செல்கள் பிறப்பதே மூக்குப் பகுதியில். அங்கிருந்து மோப்ப நரம்புகளைப் பிடித்து மூளைக்குள் நடந்து போகின்றன. வழி அடைபட்டால் இரண்டும் சேர்ந்தே கெடும். பதினெட்டு வயதாகியும் மீசை அரும்பாத, குரல் உடையாத பையனிடம் கேட்டுப் பாருங்கள், கருவாட்டுக் கிட்டங்கிக்குள் நின்றாலும் வாடை தெரியவில்லை என்பான். பருவமடையாத குறை ஹார்மோன் சிகிச்சைக்கு நன்றாகவே கட்டுப்படும்.

5. *குடல் நரம்பு சேராத குழந்தை.* கழுத்துப் பகுதியிலிருந்து கிளம்பும் செல்கள் குடலின் முழு நீளமும் இறங்கி வர வேண்டும். கடைசிப் பகுதியை எட்டவில்லை என்றால் பிறந்த குழந்தைக்கு 48 மணி நேரமாகியும் காட்டுப்பீ போகாது, வயிறு உப்பும். ரெட் என்ற ஏற்பியின் குறைபாடு இதில் முக்கியம். அதே ரெட் மரபணு வேறு விதமாகக் கெட்டு, எப்போதும் முடுக்கிவிட்டபடி நின்றுவிட்டால் ஒருவகைத் தைராய்டு புற்றுநோய். ஒரே மரபணு, குறைந்தால் ஒரு நோய், மிகுந்தால் இன்னொன்று.

பெரும்பாலும் இவை மரபணு விபத்துகள். தாய் எதையோ தின்றதாலோ கிரகணத்தில் வெளியே வந்ததாலோ வந்தவை அல்ல. ஆனாலும் கர்ப்ப காலத்தில் நம் கையில் இருக்கும் இரண்டு விஷயங்கள் இந்தக் கரைக்குப் பொருந்தும். ஒன்று அயோடின். தாயின் தைராய்டு சுரப்பு குறைந்தால் மூளைச் செல்களின் இடப்பெயர்ச்சி கெடுகிறது என்பதை எலி ஆய்வுகள் காட்டியுள்ளன. உப்பு விளையும் ஊர்களில், உப்பளத்திலிருந்து நேராக வரும் அயோடின் சேராத கல்லுப்பை மட்டுமே புழங்கினால், அதைக் கர்ப்பிணி இருக்கும் வீட்டிலாவது மாற்றிக்கொள்ளலாம். இரண்டாவது மெத்தில் பாதரசம். ஜப்பானில் மினமாட்டாவில் 1956-இல் வெளிப்பட்ட நச்சு அது. கருவின் மூளைச் செல்கள் நகர்வதையே அது குலைக்கும். நீண்ட நாள் வாழும் பெரிய வேட்டை மீன்களில்தான் அது கூடுதலாகச் சேரும். கர்ப்பிணிக்குப் பெரிய சுறாவைத் தவிர்த்து, நெத்திலி, சாளை, காரல் கொடுப்பது நல்லது. மீனையே நிறுத்துவது இதற்கு மருந்தல்ல.

புற்றுநோய் இந்த வழியைப் பிடிப்பது எப்படி?

புற்றுநோயால் இறப்பவர்களில் பெரும்பாலானோர் முதல் கட்டியால் இறப்பதில்லை, அது வேறு உறுப்புகளுக்குப் பரவியதால் இறக்கிறார்கள். எங்கே பரவுகிறது என்பதில் ஒரு ஒழுங்கு உண்டு. 1889-இல் லண்டன் மருத்துவர் ஸ்டீஃபன் பேஜெட், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் விவரத்தை ஆராய்ந்தார். ரத்தம் எல்லா இடத்துக்கும் ஓடினாலும் நோய் எல்லா உறுப்பிலும் சமமாக முளைக்கவில்லை. விதை எங்கும் விழும், தோதான மண்ணில்தான் முளைக்கும் என்று அவர் எழுதினார். மண்ணில் என்ன தோது என்பது நெடுங்காலம் தெரியவில்லை.

2001-இல் ஒரு முக்கிய விடை வந்தது. மார்பகப் புற்றுநோய்ச் செல்கள் தம் மேல்தோலில் சிஎக்ஸ்சிஆர்4 ஏற்பியை நிறைய வைத்திருக்கின்றன. சிஎக்ஸ்சிஎல்12 அதிகம் சுரக்கும் இடங்கள் நிணநீர்க் கணு, நுரையீரல், கல்லீரல், எலும்பு மஜ்ஜை. மார்பகப் புற்றுநோய் வழக்கமாகப் போய்ச் சேரும் இடங்களும் இவையே. வரிக்குதிரை மீனின் பக்கத்தில் கோடு போட்டுச் செல்களை வாலுக்கு அழைத்த அதே சோடி.

இந்தச் சோடி நம் உடம்பில் அன்றாடம் வேலை செய்துகொண்டிருக்கிறது. எலும்பு மஜ்ஜையில் ரத்தத் தாய்ச்செல்களைப் பிடித்து வைப்பது சிஎக்ஸ்சிஎல்12. வெள்ளணுக்கள் காயத்துக்கும் நிணநீர்க் கணுவுக்கும் போய் வருவதும் இப்படிப்பட்ட வழிகாட்டிகளைக் கேட்டுத்தான். காலில் திருக்கை முள் ஏறினால் இரண்டு நாளில் தொடையிடுக்கில் நெறி கட்டுமே, அது வெள்ளணுக்கள் அங்கே திரண்டதன் அடையாளம். தமிழில் நெறி என்றால் வழி என்றும் பொருள். சொல் வந்த வரலாறு எதுவானாலும் பொருத்தம் வியக்க வைக்கிறது. புகையிலை போடுபவருக்கு வாய்ப்புண் ஆறாமல் இருந்து, கழுத்தில் வலியில்லாத, கல்போன்ற நெறி கட்டினால், புற்றுநோய்ச் செல் அந்தப் பாதையில் கிளம்பிவிட்டதோ என்று பார்த்தாக வேண்டும்.

பரவுவதற்கு ஒரு செல் கடக்க வேண்டியவை:

1. பக்கத்துச் செல்லோடு ஒட்டவைக்கும் ஈ-கேட்ஹெரின் என்ற பசையை உதற வேண்டும். இந்த மரபணுவின் பழுது பரம்பரையாக வந்து ஒருவகை இரைப்பைப் புற்றுநோயைத் தருவதை 1998-இல் நியூசிலாந்தின் மாவோரிக் குடும்பம் ஒன்றில் கண்டார்கள்.
2. நகரும் பொறியை முடுக்க வேண்டும். கருவில் மட்டும் ஓடி, பிறகு அணைத்து வைத்திருந்த மரபணுக்கள் மறுபடி எரிகின்றன.
3. சுற்றியுள்ள சவ்வை அறுக்கும் நொதிகளைச் சுரக்க வேண்டும்.
4. ரத்தத்தில் அடிபட்டுச் சாகாமல் தப்பி, ஓரிடத்தில் கரையேறி, அங்கே பிழைக்க வேண்டும்.

கிளம்புபவற்றில் மிகப் பெரும்பாலானவை நான்காவதில் மடிந்துவிடும்.

மூளையிலேயே தோன்றும் கிளையோபிளாஸ்டோமா என்ற புற்றுநோய் இதில் தனி ரகம். அது மூளையை விட்டு வெளியே போவது அபூர்வம். நரம்பிழைக் கட்டுகளையும் ரத்தக் குழாய்களையும் பிடித்து மூளைக்குள்ளேயே ஊர்ந்துவிடும். கருவில் செல்கள் ஏறிய பழைய பழக்கத்தை இது மறக்கவில்லை. அறுவையில் கட்டியை எடுத்தாலும் ஊர்ந்துபோனவை மிஞ்சிவிடுவது அதனால்தான்.

டிசிசி: ஒரு மரபணு, இரண்டு கூடாரம்

பெயரிலேயே குழப்பம் உள்ள மரபணு இது. 1990-இல் பெருங்குடல் புற்றுநோயை ஆராய்ந்த பெர்ட் வோகல்ஸ்டீன் குழு, கட்டிகளில் 18-ஆம் குரோமோசோமின் ஒரு துண்டு அடிக்கடி காணாமல் போவதைக் கண்டது. அங்கிருந்த மரபணுவுக்குப் 'பெருங்குடல் புற்றுநோயில் நீங்கியது' என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். அதன் சுருக்கமே டிசிசி. ஆறு ஆண்டு கழித்து மூளை ஆய்வாளர்கள் நெட்ரினைக் கேட்கும் ஏற்பியைத் தேடிப் போனபோது கையில் சிக்கியது அதே டிசிசி.

நரம்புக்கு வழி கேட்கும் காது குடலில் என்ன செய்கிறது? 1998-இல் பாட்ரிக் மெலன் குழு ஒரு விளக்கம் தந்தது. நெட்ரின் கிடைத்துக்கொண்டிருக்கும்வரை டிசிசி செல்லைச் சாகச் சொல்லாது. கிடைக்காத இடத்துக்குச் செல் போய்விட்டால் டிசிசியே அதைச் சாகச் சொல்லும். வழி தவறிய செல் பிழைக்கக் கூடாது என்ற காவல் இது. இதிலிருந்து தப்பப் புற்றுநோய்க்கு இரண்டு வழி: டிசிசியையே தொலைத்துவிடுவது, அல்லது நெட்ரினைத் தானே சுரந்துகொள்வது. இரண்டும் நடக்கிறது. அந்தக் குரோமோசோம் துண்டில் எஸ்மேட்4 என்ற இன்னொரு மரபணுவும் இருப்பதால் குடல் புற்றுநோயில் முதல் குற்றவாளி யார் என்ற வாதம் நெடுநாள் ஓடியது.

எல்லா வழிகாட்டியும் புற்றுநோய்க்குத் துணை போவதும் இல்லை. ஸ்லிட்2 மரபணு நுரையீரல், மார்பகப் புற்றுநோய்கள் பலவற்றில் பூட்டுப்போட்டு அணைக்கப்பட்டிருக்கும். அங்கே அது தடுப்பவர் பக்கம். "மூளைப் புரதம் புற்றுநோயைப் பரப்புகிறது" என்ற ஒற்றை வரி இங்கேதான் உடைகிறது. எந்தப் புரதம், எந்தத் திசுவில், எந்த ஏற்பியோடு என்று சொல்லாத வரிக்குப் பொருளே இல்லை.

கத்தி பட்டால் பரவுமா?

ஊசி போட்டுச் சதை எடுத்தால், கத்தி பட்டால், காற்று பட்டால் பரவிவிடும் என்ற பேச்சால் பரிசோதனையைத் தள்ளிப்போட்டவர்கள் எத்தனையோ பேர். மேலே சொன்ன நான்கு படிகளையும் பாருங்கள், காற்று எதிலும் இல்லை. ஊசித்தடத்தில் செல் ஒட்டிக்கொள்வது சிலவகைக் கட்டிகளில் மிக அரிதாக நடப்பதுண்டு. அது தெரிந்தே எந்த இடத்தில் ஊசி, பிறகு எந்தத் தடத்தைச் சேர்த்து வெட்டுவது என்று மருத்துவர்கள் திட்டமிடுகிறார்கள். அறுவைக்குப் பின் நோய் வெளிப்பட்டால், செல் முன்பே கிளம்பிப்போயிருந்தது என்பதே பெரும்பாலும் உண்மை. பரிசோதனையைத் தள்ளிப்போட்ட மாதங்களில் அது கிளம்பியிருக்கலாம்.

அந்தப் புரதத்தை அடைத்துவிட்டால்?

எல்லோருக்கும் தோன்றும் கேள்வி. முயன்றும் பார்த்தார்கள்.

சவ்வை அறுக்கும் நொதிகளை அடைக்க மாரிமாஸ்டாட் என்ற மருந்து வந்தது. பெரிய சோதனைகளில் எதிர்பார்த்த பலன் இல்லை, மூட்டுவலிதான் மிஞ்சியது. நங்கூரமான இன்டெக்ரினை அடைக்கும் சிலென்ஜிடைடு, கிளையோபிளாஸ்டோமா நோயாளிகளின் ஆயுளைக் கூட்டவில்லை என்று 2014-இல் முடிவு வெளியானது.

சிஎக்ஸ்சிஆர்4-ஐ அடைக்கும் பிளெரிக்ஸாஃபார் கதை சுவையானது. எச்ஐவி செல்லுக்குள் நுழையவும் இதே ஏற்பி ஒரு கதவு என்பதால் முதலில் எய்ட்ஸ் மருந்தாகப் பார்த்தார்கள். கொடுத்ததும் மஜ்ஜையில் இருந்த தாய்ச்செல்கள் பிடி நழுவி ரத்தத்துக்கு வந்துவிட்டன. பக்கவிளைவே பயனாயிற்று: மைலோமா, லிம்போமா என்ற ரத்தப் புற்றுநோய் உள்ளவர்களிடமிருந்து மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்குத் தாய்ச்செல் சேகரிக்க 2008-இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. புற்றுநோய் பயன்படுத்தும் வழியை அடைத்தால் உடம்பு பயன்படுத்தும் வழியும் அடைபடும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

நெட்ரின்-1-ஐ மடக்கும் என்பி137 என்ற எதிர்ப்புரதத்தின் முதல்கட்ட முடிவு 2023-இல் வெளியானது. கருப்பை உட்சவ்வுப் புற்றுநோய் முற்றிய 14 பெண்களில் ஒருவருக்குக் கட்டி பாதிக்கு மேல் சுருங்கியது, எட்டுப் பேருக்கு வளராமல் நின்றது. நம்பிக்கை தரும் செய்தி. ஆனால் 14 பேர்.

அடுத்த முறை இப்படியொரு தலைப்பு கைப்பேசியில் வந்தால் மேலே அனுப்புவதற்கு முன் மூன்றைக் கேளுங்கள்:

1. பார்த்தது ஆய்வகத் தட்டிலா, எலியிலா, மனிதரிலா? மனிதரில் என்றால் எத்தனை பேர்?
2. புரதத்தின் பெயரும் புற்றுநோயின் வகையும் செய்தியில் இருக்கிறதா? இல்லையென்றால் அதை எழுதியவருக்கே விஷயம் புரியவில்லை.
3. சாப்பாட்டைப் பற்றி ஏதாவது சொல்கிறதா? சொன்னால் அந்த வரி பெரும்பாலும் ஆய்விலிருந்து வந்ததல்ல, அனுப்பிய யாரோ நடுவில் சேர்த்தது.